துலாவர்ஷம் முதல் மார்கழிக் குளிர் வரை: திருவனந்தபுரத்தின் வானிலை அறிவிப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

திருவனந்தபுரம்: தென்மேற்குப் பருவமழை விடைபெறும் அக்டோபர் மாதத்தில் கேரளத்தின் தென்கோடி மாவட்டமான திருவனந்தபுரத்தில் பகல் வெயிலும் புழுக்கமும் திடீரெனக் கூடுகின்றன. அதைத் தொடர்ந்து மாலை நேர இடிமழையும், டிசம்பர் பிற்பகுதியில் இதமான குளிரும் வருகின்றன. சுமார் மூன்று மாதங்கள் நீடிக்கும் இந்த மாற்றத்தின்போது வெளியாகும் வானிலை அறிவிப்புகள், மலையோர மக்களுக்கும் மீனவர்களுக்கும் உயிர்காக்கும் தகவல்களாகும்.

அக்டோபரில் வெப்பம் ஏன்?

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக செப்டம்பர் 17-ம் தேதியளவில் ராஜஸ்தானின் மேற்குப் பகுதியிலிருந்து விலகத் தொடங்கி, அக்டோபர் 15-ம் தேதியளவில் நாடு முழுவதிலிருந்தும் விலகுகிறது. மேகங்கள் குறைவதால் சூரிய ஒளி நேரடியாகத் தரையை அடைகிறது. மண்ணிலும் காற்றிலும் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், வெப்பமானி காட்டும் அளவைக் காட்டிலும் புழுக்கம் அதிகமாக உணரப்படுகிறது.

இந்த வெப்பமே அடுத்து வரும் மழைக்கும் துணைபுரிகிறது. பகலில் சூடாகி மேலெழும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இடிமேகங்களாகத் திரள்கிறது. பிற்பகலுக்குப் பின் அது இடி மின்னலுடன் மழையாகப் பொழிகிறது. மலையாள மாதமான துலாமில், அதாவது ஐப்பசியில், வலுப்பெறும் வடகிழக்குப் பருவமழையைக் கேரள மக்கள் 'துலாவர்ஷம்' என்று அழைக்கின்றனர்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் கேரளத்தில் சராசரியாகச் சுமார் 49 செ.மீ. மழை பதிவாகிறது. வடக்கே உள்ள காசர்கோடு, கண்ணூர் மாவட்டங்கள் பெருமளவு தென்மேற்குப் பருவமழையையே நம்பியுள்ளன. தெற்கே உள்ள திருவனந்தபுரத்தின் ஆண்டு மழையளவில் துலாவர்ஷத்தின் பங்கு கணிசமானது. தலைநகருக்குக் குடிநீர் வழங்கும் பேப்பாறை, அருவிக்கரை அணைகளின் கோடைகால இருப்பும் இம்மழையைச் சார்ந்துள்ளது.

நிறங்கள் சொல்வது என்ன?

வானிலை மையம் வெளியிடும் நிற எச்சரிக்கைகள் பொதுவாக 24 மணி நேர மழையளவைக் குறிக்கின்றன. 6.45 முதல் 11.55 செ.மீ. வரையிலான கனமழைக்கு மஞ்சள் எச்சரிக்கையும், 11.56 முதல் 20.44 செ.மீ. வரையிலான மிக கனமழைக்கு ஆரஞ்சு எச்சரிக்கையும், அதற்கு மேற்பட்ட அதிகனமழைக்கு சிவப்பு எச்சரிக்கையும் விடுக்கப்படுகின்றன. அன்றாட மழையளவு, முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுகிறது.

'ஓரிரு இடங்களில்' என்ற சொல், மாவட்டம் முழுவதும் மழை பெய்யாது என்பதையே உணர்த்துகிறது. அதே வேளையில், பெய்யும் இடத்தில் மழை லேசாகத்தான் இருக்கும் என்று அதற்குப் பொருளில்லை. துலாவர்ஷ மழை குறுகிய பரப்பில், குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் தன்மையுடையது. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் அபாயம் மிகுதி என்பதால், அந்நேரத்தில் திறந்தவெளியையும் மரத்தடியையும் தவிர்க்குமாறு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது.

பருவமழை முறைப்படி தொடங்கும் முன்பே ஆபத்து நேரிடலாம் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2021 அக்டோபர் 16-ம் தேதி கோட்டயம் மாவட்டம் கூட்டிக்கலிலும் இடுக்கி மாவட்டம் கொக்கயாறிலும் ஏற்பட்ட நிலச்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. 2023 அக்டோபர் நடுப்பகுதியில் ஓரிரவு பெய்த கனமழையால் திருவனந்தபுரம் நகரின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின.

ஒக்கி கற்பித்த பாடம்

நவம்பர், டிசம்பர் மாதங்களில் அபாயம் கடலுக்கு இடம்பெயர்கிறது. 2017 நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே குமரிக்கடல் பகுதியில் ஒக்கி புயலாக வலுப்பெற்றது. அப்போது திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கைப்பேசி அலைவரிசை எட்டாத அவர்களுக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை. பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தூத்தூர் வரையிலான கடலோரக் கிராமங்கள் பேரிழப்பைச் சந்தித்தன.

அதன்பின், 2018-ல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள படகுகளுக்கும் செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்ப வகைசெய்யும் நாவிக் கருவிகள் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. குமரிக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாக மாறக்கூடும் என்பதால், 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பு கரையில் வானம் தெளிவாக உள்ளபோதும் பொருந்தும்.

குளிர் எவ்வளவு?

டிசம்பர் பிற்பகுதியில் மழை குறைந்து, வறண்ட கிழக்குக் காற்று வலுப்பெறுகிறது. மேகமற்ற இரவுகளில் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறுவதால் அதிகாலையில் குளிர்ச்சி கூடுகிறது. ஆயினும் கடலின் அண்மை காரணமாகத் திருவனந்தபுரத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை ஜனவரியிலும் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உள்ளது. பகல் வெப்பநிலை 31 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்றின் ஈரப்பதம் குறைவதே இங்கு 'குளிர்' என உணரப்படுகிறது.

மலைப்பகுதிகளில் நிலைமை வேறு. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாறு பகுதியில், குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகளில் தேங்குவதால் வெப்பநிலை சில அதிகாலைகளில் 0 டிகிரியைத் தொடுகிறது. சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் அந்த உறைபனி, தேயிலைக் கொழுந்துகளைக் கருகச் செய்து தோட்டங்களுக்கு இழப்பை ஏற்படுத்துகிறது.

எனவே, இப்பருவத்தில் கேரளம் செல்லும் பயணிகள் மாநிலத்திற்கான பொது அறிவிப்புடன் நின்றுவிடாமல், செல்லவிருக்கும் மாவட்டத்திற்கான எச்சரிக்கையையும் பார்ப்பது அவசியம். அடுத்த 3 மணி நேரத்திற்கான உடனடி அறிவிப்பே மாலை நேர இடிமழையைப் பொறுத்தவரை மிகவும் பயனுள்ளது.