தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

குப்புசாமி, பிச்சையம்மாள், மூக்கையா. இந்தப் பெயர்களைக் கேட்டதும் பெரியவர்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார்கள்: இவருக்கு முன்னால் இரண்டு மூன்று தங்காமல் போயிருக்கும். தாத்தா பெயரைச் சூட்டியதாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தாத்தாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அதே கணக்குதான்.

பறிகொடுத்த வீட்டில் அடுத்தது பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு உருட்டு உருட்டி எடுப்பார்கள். ஆண் பிள்ளையானாலும் மூக்குக் குத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு அளந்து தாய் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. இது யாரோ பெற்றது, தவிட்டு விலைதான் பெறும் என்று எமனை நம்பவைக்கிற நாடகம். 1971-ல்கூட இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. பயத்துக்குக் காரணம் இருந்தது. அதைத் தெருவே சேர்ந்து சுமந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளையை ஒட்டியும் ஒட்டாமலும் வைத்துக்கொள்ளத் தாய்க்கு அனுமதி இருந்தது.

அதற்காக அந்தக் காலத்தைக் கொண்டாட வேண்டியதில்லை. இறந்து பிறந்ததை முகம்கூடக் காட்டாமல் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அழுதவளிடம் "அடுத்தது தங்கும்" என்றார்கள். பிறக்கவே இல்லையென்றால் புருஷனுக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சு.

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-ல் சென்னையில் பிறந்தது. இன்று சின்ன ஊர்களிலும் கருத்தரிப்பு மையப் பலகைகள். கருவை உள்ளே வைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் 'பீட்டா' ரத்தப் பரிசோதனை. பாசிட்டிவ் என்றாலும் நிம்மதி இல்லை. இதயத் துடிப்பு தெரிய வேண்டும், ஐந்தாம் மாத ஸ்கேன் தாண்ட வேண்டும். ஒருமுறை கலைந்தவள் யாரிடமும் சொல்வதில்லை, துணி வாங்குவதில்லை, பெயர் யோசிப்பதில்லை. பழைய தவிட்டு நாடகமேதான், ஆனால் பார்க்க ஆளில்லை.

பிறந்த பிறகு இன்னொரு சிக்கல். "தவமிருந்து பெற்ற பிள்ளை, கொடுத்துவச்சவ" என்கிறார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியபோது மனம் மரத்துக் கிடந்தது என்று அவள் யாரிடம் சொல்வாள்? பயந்து பின்வாங்கிய மனம் திரும்பி வர நாளாகும். அதைப் பாசக் குறைவாக எண்ணிக் குமைய வேண்டியதில்லை. ஆய்வாளர் சூசன் கோலம்பொக் தொண்ணூறுகளில் ஆராய்ந்தபோது, சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்த தாய்மார்களின் பாசம் மற்றவர்களுடையதைவிடக் குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

சிகிச்சையில் இரட்டை தரித்தால் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம். பிள்ளை இன்குபேட்டருக்குப் போனால் பிரிவும் சேர்ந்துகொள்ளும். அங்கே உதவுவது பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. கொலம்பியாவின் பொகோட்டாவில் அது தொடங்கியது 1978-ல். இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததும் அதே ஆண்டு. அன்று பிரசவ அறைக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, இன்று சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்கிறார். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

ஒன்றில் மட்டும் அன்றையவர்கள் முந்திக்கொள்கிறார்கள். பிள்ளை வந்த கதை பிள்ளைக்கே தெரியும். பெயரே அதைச் சொன்னது. "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று அத்தைகள் கேலி செய்ய, அதுவும் சிரித்துக்கொண்டு வளர்ந்தது. இன்று பல வீடுகளில் சிகிச்சை ஃபைல் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால் இன்னும் ஆழத்தில். கோலம்பொக் குழுவினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வோ, இப்படி மூன்றாமவர் உதவியோடு பிறந்தவர்களில் ஏழு வயதுக்குள் உண்மை தெரிந்தவர்களுக்கு இருபது வயதில் தாயோடு உறவு கூடுதல் சுமுகமாக இருப்பதாகச் சொல்கிறது. அத்தைகளுக்கு இதைச் சொன்னால், "இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்பார்கள்.