பத்து மாநிலங்களின் புகைக் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கில், மெயின் முதல் மேரிலாந்து வரை 10 மாநிலங்கள் சேர்ந்து மின்நிலையங்களின் கரியமில வாயுவுக்கு ஒரு பொது உச்சவரம்பு வைத்தன. ‘ரெஜி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டம் 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிலையங்கள் தாங்கள் வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் அனுமதிச் சீட்டை ஒப்படைக்க வேண்டும். சீட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏலத்துக்கு வரும். இங்கே டன் என்பது 907 கிலோ.

முதல் ஏலம் 2008 செப்டம்பரில் நடந்தது. சுமார் 1.25 கோடி சீட்டுகள், ஒன்று 3.07 டாலர் வீதம் விற்று, ஏறத்தாழ 3.86 கோடி டாலர் வசூலானது.

அடுத்து அளவு. தொடக்க வரம்பு ஆண்டுக்கு 18.8 கோடி டன். இம்மாநிலங்களின் உமிழ்வு 2005-ல் 18.4 கோடி டன்னாக இருந்தது. 2009-ல் அது 12.4 கோடிக்கு இறங்கிவிட்டது. முதல் ஆண்டிலேயே வரம்புக்கும் நடப்புக்கும் 6.4 கோடி டன் இடைவெளி. இந்த வீழ்ச்சிக்கு எது காரணம் என்று நியூயார்க் மாநில எரிசக்தி ஆய்வு அமைப்பு பிரித்துப் பார்த்தது. ஏறக்குறைய 48 விழுக்காடு, மின்தேவை குறைந்ததால். 31 விழுக்காடு, நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு எரிவாயுவுக்கு மாறியதால். மீதி, அணு, நீர், காற்று மின்சாரம் கூடியது போன்ற மாற்றங்களால். அந்த ஆண்டுதான் தொடங்கிய திட்டத்துக்கு இதில் பெரிய பங்கு இருந்திருக்க வழியில்லை. எட்டிய இலக்கைக் கொண்டாடியவர்கள், அது எவ்வளவு தளர்வாக வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சீட்டு தாராளமாகக் கிடைத்தால் விலை என்ன ஆகும்? 2010-ல் அடிமட்ட விலையான 1.86 டாலருக்கு வந்து நின்றது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படியானால் யூனிட்டுக்குக் கூடிய செலவு 0.2 சென்ட். அதற்காக எந்த முதலாளியும் கொதிகலனை அணைக்க மாட்டார்.

உண்மையான திருத்தம் 2013-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் உமிழ்வு சுமார் 9.2 கோடி டன், வரம்போ 16.5 கோடி. நியூ ஜெர்சி 2011 இறுதியில் விலகியபின் எஞ்சிய ஒன்பது மாநிலங்களின் கணக்கு இது. 2014-க்கு வரம்பை 9.1 கோடியாக ஒரே வெட்டில் இறக்கினார்கள். நிலையங்கள் சேர்த்து வைத்திருந்த உபரிச் சீட்டுகளுக்கு ஈடாக, 2020 வரையிலான வரம்புகளிலிருந்து ஏறத்தாழ 14 கோடி டன் கழிக்கப்பட்டது. இத்திட்டத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். தன் இலக்கு தளர்வானது என்று ஒப்புக்கொண்டு அதை ஏறக்குறைய பாதியாக்கும் அரசுகள் அதிகமில்லை.

ஆனால் அப்போதும் சீட்டின் பங்கு சிறிதுதான். மாசசூசெட்ஸில் பிரேட்டன் பாயின்ட் என்ற 1,500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2017 மே 31-ல் மூடப்பட்டது. வெந்நீர் அருகிலுள்ள விரிகுடாவில் கலந்து மீன்களைக் கெடுக்காதிருக்க அங்கே ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் கட்டியிருந்தார்கள். அவை பத்து ஆண்டு பழமைகூட ஆகாமல் 2019 ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மலிவான எரிவாயுவே அந்த நிலையத்தைச் சாய்த்தது. சீட்டு விலை கூடவே ஒரு சிறு சுமை.

இப்போது அப்படியில்லை. 2024 செப்டம்பரில் சீட்டு விலை 25.75 டாலரைத் தொட்டது. நிலக்கரி யூனிட்டுக்கு 2.8 சென்ட், நவீன எரிவாயு நிலையத்துக்கு 1.1 சென்ட் என்று கணக்கு வருகிறது. இந்த வித்தியாசம் எந்த நிலையம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கப் போதுமானது.

வரவுப் பக்கம்: முதல் மூன்று ஆண்டுகளில் ஏலத் தொகை 91.2 கோடி டாலர். இதுவரை மொத்தம் 800 கோடியைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி மின்சிக்கனத்துக்கும் கட்டணச் சலுகைக்கும் போனது. ஆனால் நியூயார்க் 9 கோடியையும் நியூ ஜெர்சி 6.5 கோடியையும் பட்ஜெட் பற்றாக்குறைக்குத் திருப்பிவிட்டன. மக்கள் மின்கட்டணத்தில் கொடுத்த பணம் அது. அப்படிச் செய்தது தவறு.

பற்றுப் பக்கம்: 2021 ஏப்ரலில் நியூயார்க்கின் இந்தியன் பாயின்ட் அணுமின்நிலையத்தின் கடைசி உலை நின்றது, அந்த இடத்தைப் பெருமளவு எரிவாயு நிரப்பியது. நியூ ஜெர்சி 2020-ல்தான் திரும்பி வந்தது. வர்ஜீனியா மூன்றே ஆண்டுகள் இருந்துவிட்டு 2023 முடிவில் வெளியேறியது. பெரிய மின் உற்பத்தி மாநிலமான பென்சில்வேனியா, வழக்குகளுக்குப் பிறகு, 2025 நவம்பரில் சட்டம் போட்டே ஒதுங்கிக்கொண்டது. அங்கிருந்து கம்பி வழியே வரும் மின்சாரத்துக்கு ரெஜி சீட்டு தேவையில்லை.

2025 ஜூலையில் அறிவித்த புதிய கணக்குப்படி 10 மாநிலங்களின் வரம்பு 2027-ல் ஏறத்தாழ 7 கோடி டன். அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 85 லட்சம் டன் வீதம் குறைந்து, 2033-ல் 2 கோடிக்கும், பிறகு மெதுவாகக் குறைந்து 2037-ல் 1 கோடிக்கும் கீழே போகும். இம்முறை இலக்கு நடப்புக்கு முன்னால் நிற்கிறது. எல்லை கடந்து வரும் மின்சாரத்தின் புகையையும் கணக்கில் சேர்க்கும் விதியை மாநிலங்கள் 2027-க்கு முன்பே எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குறைவில் ஒரு பகுதி பென்சில்வேனியாவின் புகைபோக்கிகளில் கூடுதலாக வந்து நிற்கும்.