சாலை காக்கும் கணக்கு

புதிய சாலை திறக்கப்படும் நாளை ஊரார் கொண்டாடுகின்றனர். அச்சாலையில் தோன்றிய முதல் விரிசல் அடைக்கப்பட்ட நாளை எவரும் நினைவில் கொள்வதில்லை. ஆயினும், சாலையின் வாழ்நாளை நீட்டிப்பது அந்தச் சிறு பணியே ஆகும். இந்திய அரசமைப்பின் 11ஆம் அட்டவணை ஊராட்சிகளிடமும், 12ஆம் அட்டவணை நகராட்சிகளிடமும் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளுள் சாலைகளும் இடம்பெற்றுள்ளன. குறைந்த நிதியைக் கொண்டு நிறைந்த சாலைகளைக் காப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காணும் முறையே சாலைப் பராமரிப்புத் திட்டமிடல்.

சிதைவின் போக்கு

தார்ச்சாலை பல அடுக்குகளால் ஆனது. கெட்டிக்கப்பட்ட மண்ணின்மேல் சல்லி அடுக்குகளும், அவற்றின்மேல் தார்க்கலவையும் அமைகின்றன. வெயிலாலும் காற்றாலும் தார் தன் நெகிழ்வை இழந்து இறுகும்பொழுது நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் மழைநீர் கீழடுக்குகளின் வலிமையைக் குறைக்கிறது. தாங்குதிறன் குன்றிய அவ்விடம் வண்டிகளின் எடையால் அமிழ்ந்து, உடைந்து, பள்ளமாகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைச் சாலைகளில் சுமை வண்டிகளை ஓட்டி விரிவான ஆய்வு நடத்தப்பட்டது. வண்டியின் ஓர் அச்சு தாங்கும் சுமை இருமடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதை அவ்வாய்வு உணர்த்தியது. எனவே, சாலையின் வயதை மட்டும் கொண்டு அதன் நிலையை முடிவு செய்ய இயலாது. அதன்மேல் செல்லும் சுமையையும் அதில் தேங்கும் நீரையும் கருத வேண்டும்.

சாலைச் சிதைவு தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் நிகழ்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் காலமே குறைந்த செலவில் சாலையைக் காக்கத்தக்க காலம் என்பது இதனால் விளங்கும்.

நிலையை அளத்தல்

திட்டமிடலின் முதற்படி, ஊரிலுள்ள ஒவ்வொரு சாலையின் நீளம், அகலம், அமைக்கப்பட்ட ஆண்டு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிப்பதாகும். அடுத்தது, அதன் நிலையை எண்ணால் மதிப்பிடுதல். இதற்கென அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 1970களில் ஒரு குறியீட்டு முறையை உருவாக்கியது. குறையற்ற சாலைக்கு மதிப்பு 100. விரிசல், பள்ளம், சக்கரத் தடத்தின் அமிழ்வு முதலிய குறைகளின் வகை, கடுமை, பரவல் ஆகியவற்றுக்கேற்ப மதிப்பு குறைக்கப்படும். முற்றிலும் பழுதடைந்த சாலை 0 என்னும் நிலையை அடையும். எந்தச் சாலைக்கு எப்பணி தேவை என்பதை இம்மதிப்பு காட்டுகிறது.

சிறிய நகரங்கள் இப்பணியைத் தனித்துச் செய்வது கடினம். கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 9 மாவட்டங்களும் 101 நகரங்களும் உள்ளன. அவற்றுக்கு உதவும் பொருட்டு, அங்குள்ள பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 1980களில் பொதுவான மேலாண்மை முறையொன்றை வளர்த்தெடுத்தது. சாலைகளை ஆய்வு செய்வதற்கான நிதியுதவியும் தொழில்நுட்ப உதவியும் 1999 முதல் வழங்கப்படுகின்றன. பொறியாளர் பலர் இல்லாத சிற்றூரும் பெருநகரத்தைப் போலவே தன் சாலைகளின் நிலையை அறிய இது வழிவகுத்தது.

நிதிப் பங்கீடு

ஒரு நகராட்சியிடம் ஓராண்டுக்கு 1 கோடி ரூபாய் உள்ளதாகக் கொள்ளலாம். பழுதடைந்த சாலையை ஒரு கிலோமீட்டர் புதிதாக அமைக்க 50 இலட்சம் ரூபாயும், நல்ல நிலையிலுள்ள சாலைக்கு ஒரு கிலோமீட்டர் காப்புப் பூச்சு இட 5 இலட்சம் ரூபாயும் ஆகும் எனவும் கொள்ளலாம். அந்நிதியால் 2 கிலோமீட்டர் சாலையைப் புதுப்பிக்கலாம். அல்லது 20 கிலோமீட்டர் சாலையைக் காக்கலாம். காக்கப்படாத 20 கிலோமீட்டரும் பின்னாளில் முற்றிலும் சிதைந்தால், அவற்றை அமைக்க 10 கோடி ரூபாய் தேவைப்படும். மிகவும் பழுதான சாலையையே எப்போதும் முதலில் சீரமைக்கும் வழக்கம், நல்ல சாலைகளையும் பழுதாக விடும் வழக்கமாக மாறிவிடக்கூடும்.

எனினும், கணக்கு மட்டும் போதாது. பழுதடைந்த தெருவில் வாழ்வோரும் வரி செலுத்துகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்கின்றனர்; அத்தெருவுக்கும் மருத்துவ ஊர்தி வந்தாக வேண்டும். சிக்கனத்தின் பெயரால் அவர்களை முடிவின்றிக் காத்திருக்கச் செய்வது முறையன்று. ஆகவே, நல்ல திட்டம் நிதியைப் பகுத்து வைக்கிறது. ஒரு பகுதி காப்புப் பணிகளுக்கும், ஒரு பகுதி மறுசீரமைப்புக்கும், ஒரு பகுதி ஆபத்தான பள்ளங்களை உடனே மூடுவதற்கும் ஒதுக்கப்படுகிறது. மறுசீரமைப்பில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழிகள் முன்னுரிமை பெறுகின்றன.

தொடரும் பொறுப்பு

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சாலையை அமைக்கும் ஒப்பந்ததாரரே முதல் 5 ஆண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும் என விதித்தது. சாலை அமைப்பதோடு கடமை முடிவதில்லை என்பதை அவ்விதி ஏற்கிறது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கினால்தான் சாலை நிலைக்கும்.

எந்தச் சாலை எந்த ஆண்டில், என்ன காரணத்தால் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்னும் பட்டியலை மக்கள் முன் வைப்பது உள்ளாட்சியின் கடமை. அப்பட்டியல் வெளிப்படையாக இருந்தால், காத்திருக்கும் தெருவினர் தம் முறை எப்போது வரும் என்பதை அறிவர். வராதபோது கிராம சபையிலோ நகர்மன்ற உறுப்பினரிடமோ ஆதாரத்தோடு கேட்கவும் அவர்களால் இயலும்.