மஞ்சள் ஏன் மருந்தாகவில்லை?

கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1920களில் ராம்நாத் சோப்ரா நாட்டு மூலிகைகளை ஆய்வகத்தில் சோதித்தார். பாட்டி வைத்தியமானாலும் வேலை செய்யும் வேதிப்பொருள் எது என்று கேட்டார். மஞ்சளையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களை முடுக்குவது என்எஃப் கப்பா பி என்ற புரதம். ஆய்வகச் செல்களில் மஞ்சளின் குர்குமின் அதை அடக்குகிறது. பிறகேன் மஞ்சள் சாப்பிட்டும் அழற்சியால் வரும் மூட்டுவலி ஓடவில்லை? குர்குமின் நீரில் சரியாகக் கரையாது. குடல் கொஞ்சமே உறிஞ்சும், அதையும் கல்லீரல் விரைவில் உருமாற்றி வெளியேற்றிவிடும். மிளகின் பைப்பரின் இந்த உருமாற்றத்தைத் தடுக்கிறது. 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் தந்தபோது உடலுக்குக் கிடைத்த அளவு 2000 சதவீதம் கூடியது.

ரசத்தில் இரண்டும் உண்டே என்பீர்கள். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான்! அதற்காகச் செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளை நாடினால்? அவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள்.