மதுரையின் பெயர் சுமக்கும் கால்புண்

ஆறாத கால்புண்ணோடு வருபவரின் கட்டைப் பிரித்ததும், அனுபவமுள்ள தோல் மருத்துவர் அந்தத் துணியை உடனே குப்பையில் போட விடமாட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சீழும் ரத்தமும் ஊறிய துணியில் ரவை போலக் குருணை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார். கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கறுப்புக் குருணை என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும்.

உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இந்த நோயை ‘மதுரா ஃபுட்’ என்று படிக்கிறார்கள். அந்த மதுரா நம் மதுரைதான்.

1842-இல் மதுரையில் இருந்த கில் என்ற மருத்துவர், வீங்கி உருக்குலைந்த பாதங்களைப் பற்றிக் குறிப்பெழுதினார். அந்தப் பத்தாண்டிலேயே மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கோல்புரூக் நோய்க்கு ஊரின் பெயரை வைத்தார். கர்நாடகத்து பெல்லாரியில் காட்ஃப்ரே என்பவரும் இதே போன்ற கால்களைப் பார்த்து எழுதினார். பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1860-இல் இதற்கு ‘மைசீட்டோமா’ என்று பெயரிட்டு, பூஞ்சையால் வருவது என்றார். 1858-இல் வெளியான ‘கிரேஸ் அனாடமி’ என்ற உடற்கூறியல் நூலுக்குப் படங்கள் வரைந்த அதே கார்ட்டர்தான். அவர் சொன்னது பாதி சரி. 1894-இல் பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட், வெள்ளைக் குருணையிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார். பூஞ்சையைப் போலவே இழை இழையாகக் கிளைவிடும் பாக்டீரியா அது. இன்றைக்கு அதன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே.

இந்தியாவில் ராஜஸ்தானில் கறுப்புக் குருணைப் பூஞ்சை வகை அதிகம். தெற்கே பாக்டீரியா வகைதான் கூடுதலாகத் தென்படுகிறது. ஒரு விதத்தில் இது நல்ல செய்தி. பூஞ்சை வகைக்கு மாத்திரையும் அறுவை சிகிச்சையும் சேர்ந்தே தேவைப்படும்; அப்படியும் திரும்ப வரும். பாக்டீரியா வகையைப் பெரும்பாலும் மருந்தாலேயே குணப்படுத்திவிடலாம், கிருமி இன்னதென்று சீக்கிரம் தெரிந்துவிட்டால்.

சீக்கிரம் தெரிவதில்தான் சிக்கல். இந்தக் கிருமிகள் மண்ணில் வாழ்பவை. வெறுங்காலில் முள் தைக்கும்போதோ, சிராய்ப்பு ஏற்படும்போதோ உள்ளே போகின்றன. முள்ளைப் பிடுங்கி எறிந்தவர் அதோடு அதை மறந்துவிடுவார். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டி எழும்பும். வலி இருக்காது. வலிக்காத கட்டிக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? கட்டி மெல்லப் பெரிதாகும், உடையும், சீழ் வடியும், மூடும், பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். உள்ளே புரையோடி எலும்பைத் தொட்ட பிறகுதான் பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்கள். உழவர்கள், மண்ணில் வேலை செய்பவர்கள்.

பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா தாண்டி வரும் சந்தாபுராவில் இதற்கான சூழல் கண்ணெதிரே இருக்கிறது. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் ஆனேக்கல் தாலுகாவின் ராகி நிலங்கள், நடுவே புதிது புதிதாக எழும் லேஅவுட்டுகள். அங்கே கடைக்கால் தோண்டவும் ஜல்லி சுமக்கவும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்களும் வட மாநிலத்தவரும் வருகிறார்கள். இங்கு யார் காலில் எந்தப் புண் வந்தாலும் முதல் வைத்தியம் மெடிக்கல் ஷாப்பில்தான். “அண்ணா, கால்ல புண்ணு, ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்க” என்றால் வேலை முடிந்தது. கூடவே ஐந்து நாளைக்கு மாத்திரை.

அந்த ஐந்து நாள் மாத்திரை இரண்டு கெடுதல் செய்கிறது. புண் கொஞ்சம் வாடுவதால் குணமாகிவிட்டது என்று நினைக்க வைக்கிறது. பிறகு லேபில் சோதிக்கும்போது கிருமி வளராமல் தடுத்து, ரிப்போர்ட்டையும் குழப்புகிறது.

சரியான சோதனைக்கு மேலாக ஒழுகும் சீழ் போதாது. அதில் தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமிகளே முளைக்கும். புண்ணின் ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து பயாப்சிக்கும் கல்ச்சருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். குருணை கிடைத்தால் அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். பாக்டீரியா இழைகள் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. பூஞ்சை இழைகள் அதைவிடப் பல மடங்கு பருமன். கல்ச்சரில் இவை வளர வாரக்கணக்கில் ஆகலாம். எதைச் சந்தேகிக்கிறோம் என்று மருத்துவர் சீட்டில் எழுதாவிட்டால், இரண்டு நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று லேப் தட்டைத் தூக்கிப் போட்டுவிடும் ஆபத்து உண்டு. நோகார்டியா என்ற இன்னொரு வகைக் கிருமி, காசநோய்க் கிருமிக்கான சாயத்தை ஓரளவு பிடித்துக்கொள்ளும். அதனால் டிபி என்று தவறாக முடிவு கட்டவும் வாய்ப்பிருக்கிறது. எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் காட்டும்.

சிகிச்சை நீண்டது. கிருமிகள் குருணைக்குள் சிமென்ட் போன்ற ஒரு பொருளால் சூழப்பட்டிருப்பதால் மருந்து எளிதில் உள்ளே போகாது. பாக்டீரியா வகைக்கு மெக்சிகோ மருத்துவர் வெல்ஷ் 1980களில் வகுத்த முறையில் அமிகாசின் ஊசி 21 நாள், பிறகு 14 நாள் இடைவெளி. இடைவெளியிலும் நிற்காமல் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. இந்த 35 நாள் சுற்று தேவைக்கேற்பத் திரும்ப வரும். அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் ரத்தப் பரிசோதனையும் செவித்திறன் சோதனையும் கூடவே நடக்கும். டெல்லி எய்ம்ஸில் எம்.ராமம் குழுவினர் 2000-இல் வெளியிட்ட இரண்டு கட்ட முறையும் இந்தியாவில் புழக்கத்தில் இருக்கிறது. முதலில் சில வாரம் ஊசி, பிறகு பல மாதம் மாத்திரை. புண்வாய்கள் மூடிய பிறகும் மாத்திரையைத் தொடர வேண்டும். நோயாளிகள் நழுவிப்போவது அங்கேதான்: கால் பார்க்க நன்றாக இருக்கிறது, வேலைக்கும் போக முடிகிறது, எதற்கு மாத்திரை?

மதுரா கால் அபூர்வம். திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி அப்படியல்ல. வேனல் கட்டி என்று நாம் சூட்டின் மேல் பழி போடுவோமே, அதுதான். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது மூக்குக்குள் சாதுவாகக் குடியிருக்கிறது. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினாலும், மூக்கிலிருந்தும் வீட்டாரின் துண்டிலிருந்தும் மறுபடி தோலுக்கு வந்துவிடும். ஆகவே அடிக்கடி கட்டி வருபவருக்குச் சீழ் கல்ச்சரோடு சர்க்கரைச் சோதனையும் செய்வார்கள். மூக்கில் தடவ முபிரோசின் களிம்பு, குளிக்கக் குளோர்ஹெக்சிடின், துண்டும் படுக்கை விரிப்பும் சூடான நீரில் துவைப்பு என்று சில நாள் திட்டம் ஒன்றைத் தருவதும் உண்டு. தேவைப்பட்டால் வீட்டில் உள்ள எல்லோருக்கும்.

இங்கேயும் ஊகத்தில் மருந்து கொடுக்கும் காலம் போய்விட்டது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-இல் வந்தது. 1961-இலேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸை இங்கிலாந்தில் கண்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவமனை வலையமைப்பில் கண்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் இத்தகைய கிருமிகளின் பங்கு 2016-இல் 28.4 சதவீதம், 2021-இல் 42.6 சதவீதம்.

மெடிக்கல் ஷாப் டியூபில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சிவப்பும் அரிப்பும் சட்டென்று குறையும்; அடியில் கிருமி பரவும். 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது.

மைசீட்டோமாவை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், மூடி மூடித் திறக்கும் வாய், வலியில்லாமல் பெருக்கும் கட்டி ஆகிய மூன்றில் எது இருந்தாலும் தோல் நோய்ப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சந்தாபுராக்காரர்களுக்கு பெங்களூரின் விக்டோரியா, பவுரிங் ஆகிய அரசு மருத்துவமனைகள் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. போகும்போது இதுவரை தின்ற மாத்திரை அட்டைகளையும் தடவிய டியூபுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைப் பார்த்துத்தான் பயாப்சியை எப்போது எடுக்கலாம் என்று மருத்துவர் தீர்மானிப்பார்.