கல்லமேட்டில் கைநழுவிய எலும்புகள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பாறையில் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பியின் அச்சுகூடக் கிடைக்காது. அது பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான சார்னோகைட் பாறை. உயிரினங்களின் எச்சம் தங்க வேண்டுமானால் சேறும் மணலும் அவற்றின் மேல் படிந்து மெல்ல மெல்ல இறுக வேண்டும்.

அப்படிப்பட்ட பாறை கொல்லிமலைக்குக் கிழக்கே, பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதனால்தான் சிப்பிகளும், நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன.

இந்த நிலப்பரப்பை ஆராய்ந்தவர்களில் ஒருவர், இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் பணியாற்றிய தொல்லுயிர் அறிஞர் கே. அய்யாசாமி. அம்மோனைட்டுகளில் ஒவ்வொரு வகையும் குறிப்பிட்ட காலம் மட்டுமே வாழ்ந்து மறைந்தது. எனவே எந்த அடுக்கில் எந்த வகை இருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பாறையின் காலம் தெரிந்துவிடும். இந்தத் துறையின் பெரும்பகுதி இத்தகைய பொறுமையான வேலைதான்.

கண்டதும் இழந்ததும்

1987-ல் அவரும் பி. யதகிரியும் அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். பெயர் புருஹத்காயோசாரஸ், ‘பேருடல் பல்லி’ என்று பொருள். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! முதலில் அதை ஊன் உண்ணி என்றே கருதினார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்பது பிறகு வந்த முடிவு.

ஆனால் இன்று அந்த எலும்புகளைப் பார்க்க முடியாது. எளிதில் நொறுங்கும் தன்மை கொண்ட அவை, பாதுகாப்புக்காகப் போட்ட மாவுக்கட்டுக்குள்ளேயே உதிர்ந்துபோயின. பல ஆண்டுகள், இவ்விலங்கு உண்மையிலேயே இருந்ததா என்றுகூடச் சிலர் சந்தேகித்தனர். 2022-ல் அய்யாசாமி, சௌரப் பாலுடன் இணைந்து, களத்தில் எடுத்த பழைய படங்களை வெளியிட்டார். இன்று அந்த எலும்புகளுக்குச் சாட்சி, படங்களும் அளவுக் குறிப்புகளும்தான்.

பாதுகாத்தால் நிலைக்கும்

இதற்கு நேர்மாறான உதாரணம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் தெரியப்படுத்திய 18 மீட்டர் நீளக் கல்மரம், தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அதை நேரில் காணலாம்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். சுரங்கம் தோண்டும்போதுதான் பல படிமங்கள் வெளிப்படுகின்றன. அதே தோண்டலில்தான் அழிகின்றன. பலருக்குப் பிழைப்பு தரும் தொழிலை நிறுத்தச் சொல்வது இங்கு நோக்கமல்ல. முக்கியமான சில இடங்களையாவது ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. கல்லில் வித்தியாசமான வடிவம் தென்பட்டால் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இடத்தைக் குறித்து, படமெடுத்து, வட்டாட்சியருக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அதன் காலத்தைச் சொல்லும் சாட்சி பாதி போய்விடும். கேள்விப்பட்டதை உடனே பரப்பவும் வேண்டாம். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று பரப்பப்பட்டவை முட்டைகளே அல்ல.

கோடிக்கணக்கான ஆண்டுகள் மண் காத்துவைத்தது, ஒரு தலைமுறையின் கவனக்குறைவில் போய்விடக்கூடும். அடுத்து வரும் பிள்ளைகளுக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது.