மானாவாரிக் காட்டில் துணிவும் தயக்கமும்

நமது சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரிக் காட்டில் நிலக்கடலை விதைக்கும் குடியானவர், இடையிடையே துவரைக்கோ ஆமணக்கிற்கோ ஒரு சால் விட்டுவைப்பது பழைய வழக்கம். கடலை பொய்த்தாலும் ஆமணக்கு கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு. பட்டியில் நிற்கும் நாலு ஆடுகளும், ஊரில் கட்டிவரும் சீட்டும், உறவினர் விசேஷங்களில் எழுதிய மொய்யும் அக்கணக்கைச் சேர்ந்தவையே. இத்தகையவர் பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டத் தயங்கினால், அதனை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை.

ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்னும் பொருளியல் அறிஞர், நம் நாட்டுக் கிராமங்களில் மெய்யான பணத்தை வைத்தே பரிசோதனை நடத்தி, 1980-இல் முடிவுகளை வெளியிட்டார். தொகை பெரிதானபோது, ஏழையும் செல்வரும் ஏறத்தாழ ஒரே விதமான எச்சரிக்கையையே காட்டினர். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் இழக்கும் வருத்தமே மனிதருக்குப் பெரிது என்று கானெமன், டிவெர்ஸ்கி ஆகிய இருவர் 1979-இல் விளக்கினர். பிரீமியம் இன்றே கையைவிட்டுப் போவது. இழப்பீடோ வந்தால் வரும்.

ஆனால் பழைய ஏற்பாடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டினால் விலை என்னாகும்? கைம்மாற்றுக் கேட்கப் போன மாமன் வீட்டிலும் அதே வறட்சிதானே!

ஆந்திரத்திலும் குஜராத்திலும் மழைக் காப்பீடு குறித்து நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கிராமத்தார் நம்பும் ஒருவர் அறிமுகம் செய்துவைத்த இடங்களில் கூடுதலான பேர் காப்பீடு எடுத்தனர் என்று அது கண்டது. பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேருவது 2020 முதல் அவரவர் விருப்பம். காரீப் பருவ நிலக்கடலைக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதத்துக்கு மேற்படாது. 20,000 ரூபாய்க்கு 400 ரூபாய். மரவள்ளி போன்றவற்றுக்கு 5 சதவிகிதம் வரை. இவற்றைக் கூறுவோர் மற்றொன்றை விழுங்கிவிடுகின்றனர். வறட்சி நஷ்டம் தனித்தனி வயலாக அல்ல, அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவின் சராசரி மகசூலைக் கொண்டே கணிக்கப்படுகிறது. தம் காடு மட்டும் காய்ந்தவருக்கு ஒன்றும் கிடைக்காமற் போகலாம். இதனை முன்னரே கேளாதவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். அடுத்த ஆண்டு அவர் தெருவில் எவரும் பணம் கட்டமாட்டார். ஆகவே கிராம சபையில், அடங்கல் வாங்கச் சொல்லும் முன்பே, இவ்விதியைச் சொல்லிவிட வேண்டும்.